வடசுவரில் ஏழாவது ஜன்னல்

தெபோராள்.

இந்தப் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். கேட்டது யார், ஏன் கேட்டார் என்பதெல்லாம் கடைசியில் வரும். அதுவரைக்கும் பொறுத்திருங்கள். எனக்குத்தான் பொறுமை கிடையாது. அல்லிநகரத்தில் என் கடையில் பெயிண்ட் வாங்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதினெட்டு வகை வெள்ளையை எடுத்துப் போடச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பை சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் எப்படிப் பொறுமையாக இருப்பது?

நான் இவாஞ்சலின். வயது ஐம்பத்துமூன்று. எங்கள் கோயில் பழனிசெட்டிபட்டியில் இருக்கிறது. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம். வாசல் பலகையில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பர்மாக் கோயில் என்று கேளுங்கள், தேனி பஸ் ஸ்டாண்டில் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

இந்தக் கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குத் தலைக்கனம் வந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜனம் போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் வியாபாரத்துக்காகப் பர்மா போனவர்கள். மோல்மேனுக்குக் கீழே, ஆற்றங்கரையில், அரிசி மில்களை நம்பிப் பிழைத்த ஒரு சின்ன ஊர். அங்கே செங்கல் சுமந்து ஒரு கோயில் கட்டினார்கள். 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கோயில் எரிந்து போனது. மிஞ்சியவர்கள் காட்டு வழியாக மாதக்கணக்கில் நடந்து, பாதிப் பேர்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். எட்டு வருசம் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் ஆராதனை நடத்தினார்கள். அதற்கிடையில் ஒரு நாள், பர்மாவில் இருந்த அதே கோயிலை இங்கே அப்படியே கட்டுவது என்று முடிவு செய்தார்கள். வரைபடம் கிடையாது, போட்டோ கிடையாது. எல்லாம் அவரவர் தலைக்குள் இருந்ததுதான்.

கிட்டங்கித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுச் சண்டை பிடித்தார்களாம். பிரசங்க பீடத்துக்கு நாலு படியா ஐந்து படியா என்பதற்கே ஒரு வாரம் போயிருக்கிறது. பர்மாவில் வருசா வருசம் ஆறு ஏறி ஊருக்குள் வரும் என்பதால் கோயிலைத் தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். இங்கே முல்லையாறு எங்களை எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் இரண்டரை அடி தூக்கித்தான் கட்டினார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மூச்சு வாங்கப் படி ஏறி, "எதுக்கு இம்புட்டு உயரம்?" என்று கேட்டால், "ஆறு வந்துட்டா?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவோம். அப்படிப்பட்ட ஜனம் நாங்கள்.

சண்டை தீராத இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கோயிலில் ஆண்கள் தெற்கே, பெண்கள் வடக்கே உட்காருவோம். இரண்டு பக்கமும் ஆறு ஆறு ஜன்னல் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் மட்டும், "எங்க பக்கம் ஏழு" என்றார்கள். ஏழாவது எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆரம்பித்து, ஆள் குனிந்து போகிற அளவில் முடியும் என்றார்களாம். ஜன்னல் எங்கேயாவது தரையோடு இருக்குமா என்று ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். "எங்க பக்கத்த நீங்க எப்பப் பாத்தீக?" என்று பெண்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாது, பாருங்கள். பார்த்தேன் என்று எந்த ஆண் சொல்லுவான்? கடைசியில் அன்றைய போதகர், அவரவர் பக்கத்தை அவரவர் சொன்னபடி கட்டுங்கள் என்று தீர்த்துவைத்தார்.

அதனால் தெற்கே ஆறு, வடக்கே ஏழு. 1975-இல் வெள்ளிவிழா மலர் போட்டபோது ஆண்கள் அதை அச்சிலும் ஏற்றிவிட்டார்கள்: "பெண்களின் ஞாபகப் பிசகினால் வடசுவரில் ஒரு ஜன்னல் கூடிற்று." அதுவரைக்கும் சுண்ணாம்பு மட்டும் அடித்த வெறும் செங்கல்லாக இருந்த அந்த ஜன்னலுக்கு, அந்த வருசமே சாந்து பூசி, ஓரங்களை நேராக்கி, கதவும் மாட்டினார்கள்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆண்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சின்ன வயதில் வாய்ப்பாட்டில் தடுமாறினால், "வடசுவத்துக் கணக்கு" என்பார்கள். கல்யாணமாகி, கடை வைத்து, ஆளுக்கு மேல் ஆள் வைத்து வியாபாரம் பண்ணியும் எனக்கு அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. பாக்கிச் சில்லறை கொடுக்கும்போதுகூட, "ஆறா ஏழான்னு பாத்துக் குடும்மா" என்று யாராவது ஒருத்தர் இளிப்பார்.

அந்த ஜன்னலுக்கு ஒரு வழக்கமும் உண்டு. ஜனவரி கடைசியில் பிரதிஷ்டைப் பண்டிகை. கோயில் அர்ப்பணித்த நாள். ஆராதனை முடிந்ததும் அசனம், அதாவது ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் பிரசங்கத்தின்போதே உள்ளே வந்துவிடும். ஆண்கள் வாசல் வழியாகப் போவார்கள். பெண்கள் மட்டும் அன்றைக்கு வாசலைத் தொடுவதில்லை. ஏழாவது ஜன்னல் வழியாகத்தான் இறங்குவோம். வெளியே ஒரு பெஞ்சு போட்டிருக்கும். பிள்ளைகள் முதலில், பிறகு சின்ன வயசுக்காரிகள், கடைசியில் மூத்தவர்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. "சோறு ஆறிரும்னு குதிக்கிறாளுக பாரு" என்று ஆண்கள் வெளியே நின்று கேலி செய்வார்கள். "திரும்பிப் பாத்தா உப்புத்தூணா ஆயிருவாளுக" என்று பைபிள் கதை தெரிந்த யாராவது எடுத்துக்கொடுப்பார். நான் ஒரு வருசம், ஏன் இப்படிப் போகிறோம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "பேசாம ஏறுடி" என்றாள். அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது என்றுதான் நினைத்தேன். அம்மா பெயர் சாராள். இறந்து ஒன்பது வருசம் ஆகிறது.

இந்த வருசம் பவளவிழா. எழுபத்தைந்து. அதற்காகக் கமிட்டி கூடியது. தலைவர் ஞானசிகாமணி அண்ணாச்சி. என்ஜினியராக இருந்து போன வருசம்தான் ஓய்வு பெற்றார். நல்ல மனுசர்தான். ஆனால் அவருடைய குடும்பப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. பர்மாவில் கோயிலை நடத்துகிற உபதேசியாராக இருந்த ஆபிரகாம் அவருடைய தாத்தா. குண்டு விழுந்தபோது கோயிலை விட்டு நகர மாட்டேன் என்று உள்ளேயே நின்று உயிரை விட்டவர். "ஆலயத்தைவிட்டு நீங்காத உண்மை ஊழியர்" என்று வாசல் பக்கம் பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். அண்ணாச்சி ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே நுழையும்போது அந்தக் கல்லைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் நுழைவார்.

அவர் கமிட்டியில் எழுந்து, "ஏசி போடுறோம். பழைய ஜன்னல எல்லாம் கழட்டிட்டுப் புதுசு மாட்டுறோம். ரெண்டு பக்கமும் ஆறு. அந்த ஏழாவத அடைச்சிருவோம். எழுபத்தஞ்சு வருசமா இருக்கிற தப்ப இப்பமாச்சும் திருத்துவோமே" என்றார்.

சரி என்று முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? நான்தான். அந்த ஜன்னல் ஒழிந்தால் அந்தக் கேலியும் ஒழியும் என்று நினைத்தேன். அது மட்டுமா? பவளவிழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிவிழா மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பெண்களின் ஞாபகப் பிசகினால்" என்ற வரியை ஒரு எழுத்து மாறாமல் என் கையாலேயே எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை அடுப்பில் வைக்கலாம் போல இருக்கிறது.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் கொத்தனார் அம்மாவாசி போன் செய்தார். வடுகபட்டிக்காரர். என் கடையில்தான் சாமான் எடுப்பார். குலசாமி முனியாண்டி என்றாலும் எங்கள் அசனத்துக்கு ஒரு வருசமும் தவறியதில்லை.

"அக்கா, ஒரு எட்டு கோயிலுக்கு வந்துட்டுப் போங்க."

"என்னய்யா, சுவரு விழுந்திருச்சா?"

"விழல. ஆனா இது என்னமோ சரியில்ல. என்ஜினியர் அண்ணாச்சிக்கு முன்னால நீங்க பாத்துருங்க."

போனேன். ஏழாவது ஜன்னலின் கதவையும் சட்டத்தையும் கழற்றி வைத்திருந்தார். ஓரத்துப் பழைய சாந்தைக் கொத்தித் தள்ளியிருந்தார். உள்ளே இருந்த செங்கல் தெரிந்தது. ஒன்று நீட்டிக்கொண்டு, ஒன்று உள்ளே போய், ஒன்று பாதி உடைந்து, தாறுமாறாக நின்றது.

"கட்டுனவருக்குத் தொழில் தெரியல போல" என்றேன்.

அம்மாவாசி தலையை ஆட்டினார். "அப்படியில்லக்கா. நேரா கட்டத் தெரியாதவன் கட்டுன சுவத்த நான் எம்புட்டோ பாத்திருக்கேன். இது நேரா கட்டத் தெரிஞ்சவன் வேணும்னே கோணையா கட்டுனது. அங்கன பாருங்க, ஒடஞ்ச கல்லுக்குப் பின்னால முழுக்கல்லு எவ்வளவு சுத்தமா உக்காந்திருக்கு. மேல கனம் இறங்காம இருக்க ஒரு கல்லுத் துண்டு குடுத்திருக்காக. இது ஜன்னலே இல்ல. இடிஞ்ச சுவரு எப்படி இருக்குமோ அப்படியே செஞ்சு வச்சிருக்காக."

"இடிஞ்ச சுவத்த யாராச்சும் கட்டுவாகளா?"

"அதத்தான் நான் உங்களக் கேக்கேன். இன்னொன்னும் இருக்கு." ஈரத்துணியால் ஒரு செங்கல்லின் முகத்தைத் துடைத்தார். எழுத்து. பச்சைக் களிமண்ணாக இருக்கும்போதே ஆணியால் கீறி, பிறகு சூளையில் வெந்த எழுத்து. மார்த்தாள் என்று இருந்தது. பக்கத்துக் கல்லைத் துடைத்தார். லோவிசாள். அடுத்தது. நவமணி, 7 வயசு.

இந்தக் கோயிலுக்குச் செங்கல் அறுத்தது பெண்கள்தான் என்பது வெள்ளிவிழா மலரிலேயே இருக்கிறது. ஆனால் பெயர் கீறினார்கள் என்று எங்கேயும் இல்லை. நான் துணியைப் பிடுங்கி நானே துடைக்க ஆரம்பித்தேன். சேலையெல்லாம் செம்மண். இடது ஓரத்தில், என் முழங்கால் உயரத்தில், ஐந்தாவது கல்லில் சாராள், 4 வயசு என்று இருந்தது.

எங்கள் அம்மா. அவள் இந்த ஜன்னலில் இறங்கும்போதெல்லாம் இடது கையை அந்த உயரத்தில் சுவரில் ஊன்றித்தான் இறங்குவாள். முழங்கால் வலிக்காக ஊன்றுகிறாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவாசி நாகரிகமாகத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

மொத்தம் இருபத்துமூன்று பெயர்கள். பதினோரு பெண்கள், பன்னிரண்டு பிள்ளைகள்.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பழைய நோட்டு பதினைந்து வருசமாக என்னிடம்தான் இருக்கிறது. நான்தான் சங்கச் செயலாளர். ஒரு நாளும் அதை முழுசாகப் படித்ததில்லை. முதல் நாற்பது பக்கமும் பிடியரிசிதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கோயிலுக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். எந்த வீட்டிலிருந்து எத்தனை படி வந்தது என்று எழுதியிருக்கும். அதில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று மூடி வைத்துவிட்டேன். வரலாறு என்றால் ஆண்கள் போட்ட மலரில் இருப்பது என்று நானே நம்பியிருக்கிறேன், வேறென்ன?

நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தது. அன்றைய செயலாளர் பாக்கியம் டீச்சரின் கையெழுத்து.

"அன்று புதன்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டம். ஆண்கள் எல்லாரும் மில்லில். முதல் குண்டு ஆற்றங்கரையில் விழுந்தது. வடசுவர் வெடித்தது. உபதேசியார் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதன்மேல் சாய்ந்து நின்று, ஒருவரும் வெளியே போகக்கூடாது, முழங்காலில் நில்லுங்கள் என்றார். நின்றோம். இரண்டாம் குண்டுக்குப் பின் கூரை எரிய ஆரம்பித்தது. அவர் சம்சாரம் தெபோராள் எழுந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. மணி அடிக்கிற இரும்புத் தண்டை எடுத்து வெடித்த சுவரில் அடித்தாள். உபதேசியார் நிறுத்து என்று சத்தமிட்டார். அவள் நிறுத்தவில்லை. நாங்களும் கையால் பெயர்த்தோம். பிள்ளைகளை முதலில் விட்டோம். தெபோராள் கடைசியாக வந்தாள். வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. திரும்பிப் பார்க்காதிருங்கள் என்று எங்களுக்குச் சொன்னாள். ஆண்கள் ஓடி வந்தபோது கோயில் எரிந்து முடிந்திருந்தது."

அதற்குக் கீழே:

"கதவு அடைத்த விஷயம் வெளியே போகக்கூடாது, அவர் பயத்தில் செய்தார், அவர் பெயர் கெட வேண்டாம் என்று தெபோராள் கேட்டாள். ஜெபம்பண்ணி ஒப்புக்கொண்டோம். ஆனால் வந்த வழியை நாங்கள் மறைக்கமாட்டோம். அது சுவரில் இருக்கட்டும்."

கடைசிப் பக்கத்தில், 1975 என்று தேதி போட்டு, நடுங்கிய எழுத்தில் இரண்டே வரி: "ஆண்கள் ஜன்னலுக்குச் சாந்து பூசினார்கள். பெயர்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன."

எனக்கு ஒரே நேரத்தில் பெருமையும் ஆத்திரமும் வந்தது. இப்படிப்பட்ட பெண்களைத்தானா கணக்குத் தெரியாதவர்கள் என்று எழுபத்தைந்து வருசம் சிரித்தீர்கள்? இருபத்துமூன்று உயிரைச் சுவரை உடைத்து வெளியே கொண்டுவந்தவர்கள், ஒரு மனுசன் பெயர் கெடக்கூடாது என்பதற்காகத் தங்கள் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த மனுசனுக்குப் பளிங்குக் கல். அவளுக்கு ஒரு செங்கல், அதுவும் சாந்துக்கு உள்ளே. மைக்கைப் பிடித்து ஊர் கேட்க வாசித்துவிடுவது என்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன்.

ஞானசிகாமணி அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து அம்மாவாசியைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இவாஞ்சலின், நீதான் வேலைய நிறுத்தச் சொன்னியாமே? பண்டிகைக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல."

"அண்ணாச்சி, இங்கன வந்து குனிஞ்சு பாருங்க."

"இத அடைக்கணும்னு நீதான மொதல்ல கை தூக்குன?"

"தூக்குனேன். தப்பு. வந்து பாருங்க."

முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அடியில், கால் வைக்கிற இடத்தில் இருந்த இரண்டு கல்லையும் அம்மாவாசி அவருக்காகத் துடைத்துக் காட்டினார். தெபோராள். அதையொட்டி, ஜாஸ்பர், 3 மாசம்.

ஜாஸ்பர் என்பது அண்ணாச்சியின் அப்பா. எனக்குத் தெரிந்தே இருபது வருசம் கோயிலில் மணி அடித்தவர்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். விரலை எடுத்து எழுத்தின்மேல் வைத்தார். நான் சொன்னேன். சங்கத்தின் பழைய நோட்டில் பார்த்தேன் என்று, குண்டு விழுந்ததை, வெடித்த சுவரை, இரும்புத் தண்டை, பிள்ளைகளை முதலில் விட்டதைச் சொன்னேன். "சுவத்த மொதல்ல அடிச்சது உங்க அப்பத்தா, அண்ணாச்சி. உங்க அப்பா அவுக இடுப்புல இருந்திருக்காக. இந்த வழியாத்தான் வந்திருக்காக. எங்க அம்மாவும் இதே வழிதான்."

"இத எங்கப்பா சொன்னதே இல்லையே."

"அன்னைக்கு அவுகளுக்கு மூணு மாசம், கல்லுல இருக்கிறது அந்த வயசுதான். எங்க அம்மாவுக்கு நாலு வயசு. அவளும் சொன்னதில்ல."

அவர் என்ஜினியர். சுவரின் கனத்தைச் சாண் போட்டுப் பார்த்துவிட்டு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"வாசக்கதவு இருக்கும்போது எதுக்குச் சுவத்த ஒடைக்கணும்?"

என் கை பைக்குள் நோட்டின்மேல் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். இத்தனை வருசக் கேலிக்கும் ஒரே நிமிசத்தில் பதில் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் இவர் எந்த முகத்தோடு அந்தப் பளிங்குக் கல்லைத் துடைப்பார் என்று ஒரு நினைப்பு. வாசித்துவிடு என்று நாக்கு துடித்தது; என் கோபம் எனக்குத் தெரியாதா? ஆனால் காலடியில் அந்தப் பெயர் இருந்தது. சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருக்கிறாள். மற்றப் பத்துப் பெண்களும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருத்திகூட வாக்குத் தவறவில்லை. எங்கள் அம்மா என் தொடையைக் கிள்ளினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்த நான் உடைத்துப் போடவா?

"கதவு தெறக்கல, அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் பையையும் ஒரு தடவை பார்த்தார்.

"அம்மாவாசி, மிச்சச் சாந்தையும் எடுத்துரு. ஒரு எழுத்துலகூட உளி படக்கூடாது" என்றார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஏசி வேண்டாம். காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சபையின் வாட்ஸப்பில் இரண்டு நாள் ஒரே ரகளை. சித்திரை மாசம் யார் வெந்து சாவது என்று கேட்டார்கள். செங்கல் பெயர்களைப் போட்டோ எடுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில், "இது எங்க பெரியம்மா", "இது எங்க ஆச்சி" என்று ஒவ்வொரு வீடாக வர ஆரம்பித்தது. ஏசியைப் பற்றி அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை. அச்சகத்துக்கு நானே போய், பக்கத்தை வாங்கி, "ஞாபகப் பிசகினால்" என்ற வரியைப் பேனா கிழிக்கிற மாதிரி அடித்தேன். அந்த இடத்தில் இருபத்துமூன்று பெயர்களும் வந்தன.

பண்டிகை அன்றைக்குக் கோயில் கொள்ளவில்லை. பந்தலிலும் ஆட்கள். வரலாற்றை நான்தான் வாசித்தேன். பிரசங்க பீடத்தில் பெண் ஏறி வாசிப்பது எங்கள் கோயிலில் அதுதான் முதல் தடவை. ஒரு பெயர் வாசிக்க, அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்றார். சாராள் என்று வாசித்துவிட்டு நான் ஒரு நிமிசம் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் எழுந்து நிற்க வேறு ஆள் இல்லை, நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தேன். கதவைப் பற்றி வாசிக்கும்போது, கதவு திறக்கவில்லை என்ற ஒரு வரிதான். வெள்ளை அடிக்க, பூச, மெழுக எவ்வளவோ சுவர்களுக்குச் சாமான் விற்றிருக்கிறேன். பூசாத அந்தச் சுவரை விட அழகான சுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஜனம் கோயிலை மட்டும் திருப்பிக் கட்டவில்லை, உயிர் பிழைத்த ஓட்டையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வாசித்தபோது தெற்குப் பக்கத்தில் பெரிய பெரிய ஆண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

ஆராதனை முடிந்தது. கறிக்குழம்பு வாசம் வந்தது. ஆண்கள் வாசலுக்குப் போனார்கள். யாரும் கேலி செய்யவில்லை. நாங்கள் வடசுவர் ஓரமாக வரிசையில் நின்றோம். பிள்ளைகள் முன்னால்.

அப்போது ஞானசிகாமணி அண்ணாச்சி பெண்கள் பக்கத்துக்கு வந்தார். என் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசினார்.

"கதவு விசயம் உங்க நோட்டுல என்னமோ இருக்கு. அன்னைக்குப் பைய அப்படி இறுக்கிப் புடிச்சிருந்த. முப்பத்தஞ்சு வருசம் கட்டடம் பாத்தவன்மா நான். பூட்டாத கதவு தெறக்காமப் போகாது. உள்ள இருந்தது பொம்பளைகளும் பிள்ளைகளும். மிச்சம் ஒரே ஒரு ஆளுதான்."

நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

"நீ சொல்ல வேண்டாம். எங்க அப்பத்தா வேண்டாம்னு சொல்லிருப்பாக, அதான? அவுக பேரன் நான் சொல்றேன், இனிமே சொல்லலாம். தாத்தாவும் மனுசன்தான், பயந்துட்டாரு. பண்டிகை முடியட்டும், நிதானமா எழுது. எழுதும்போது அவுக பேர மொதல்ல எழுதிரு."

"எழுதுறேன், அண்ணாச்சி."

அவர் போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கிறவர் மாதிரி நின்றார். "எங்கப்பா வந்த வழி. நானும் ஒருக்கா இதுல போகலாமா?"

ஆண்கள் போகிற வழக்கம் கிடையாது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு யோசிக்க நேரமே ஆகவில்லை.

"ஜாஸ்பர் மகன் தானே? பிள்ளைக வரிசையில போயி நில்லுங்க" என்றேன்.

போய் நின்றார். முன்னால் ஐந்து வயதுப் பொடியன், பின்னால் ரெட்டைச்சடை போட்ட ஒரு சிறுமி, நடுவில் அறுபது வயது அண்ணாச்சி. அவர் முறை வந்ததும் குனிந்தார். அடியில் இருந்த அப்பத்தாவின் கல்லை மிதிக்காமல் காலை அகட்டித் தாண்டி, பெஞ்சில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் அசனப் பந்தலுக்கு நடந்தார்.